நாய்க்கு ஒரு சட்டம், ஆமைக்கு ஒரு சட்டம்: மாநிலத்தின் கை எதுவரை எட்டும்?

பினாங்கில் ஒரு நாய் சங்கிலியில் கட்டப்பட்டுப் பட்டினி கிடந்தாலும், குரங்கு சமையலறைக்குள் புகுந்தாலும், கடற்கரையில் ஆமை செத்து ஒதுங்கினாலும், தாமான் (குடியிருப்புப் பகுதி) வாட்ஸ்அப் குழுவில் வரும் முதல் கேள்வி ஒன்றுதான்: "மாநில அரசாங்கம் என்ன செய்துகொண்டிருக்கிறது?" கேட்பதில் தப்பில்லை. ஆனால் இந்த மூன்று விலங்குகளுக்கும் மூன்று வேறு சட்டங்கள், மூன்று வேறு இலாகாக்கள். இதில் மாநிலச் சட்டமன்றமே முழுப் பொறுப்பும் ஏற்க வேண்டியது ஆமைக்கு மட்டும்தான். ஏன் இப்படி என்று தெரிந்துகொண்டால், யாரிடம் புகார் கொடுப்பது, யாரைக் கேள்வி கேட்பது என்ற குழப்பம் பாதி தீரும்.

மூன்று பட்டியல்கள்

மலேசிய அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. முதலாவதில் கூட்டரசின் அதிகாரங்கள், இரண்டாவதில் மாநிலங்களின் அதிகாரங்கள். மூன்றாவது இருவருக்கும் பொதுவானது. வனவிலங்குகள், காட்டுப் பறவைகளின் பாதுகாப்பும் தேசியப் பூங்காக்களும் இந்தப் பொதுப்பட்டியலில் வருகின்றன. கால்நடை வளர்ப்பு, விலங்குவதைத் தடுப்பு, கால்நடை மருத்துவச் சேவை எல்லாமும் அங்கேதான்.

பொது என்றால் சரிபாதி என்று நினைத்துவிடக் கூடாது. நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, மாநிலச் சட்டமன்றம் அதற்கு முரணாக இன்னொன்றை இயற்றினால், அரசியலமைப்பின் 75ஆவது பிரிவுப்படி நாடாளுமன்றச் சட்டமே நிற்கும். மாநிலச் சட்டம் எந்த அளவுக்கு முரண்படுகிறதோ அந்த அளவுக்குச் செல்லாது.

ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைக் கண்கொட்டாமல் பார்த்த நமக்கு இது புரிவது சுலபம். இந்தியாவிலும் விலங்குவதைத் தடுப்பு பொதுப்பட்டியலில்தான் இருக்கிறது. தமிழ்நாடு 2009இல் கொண்டுவந்த ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் மத்தியச் சட்டத்துக்கு முரணானது, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் அதற்கு இல்லை என்று சொல்லி, 2014இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. 2017இல் மெரினா போராட்டத்துக்குப் பிறகு வந்த திருத்தச் சட்டத்துக்கு அந்த ஒப்புதல் கிடைத்தது. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அது செல்லும் என்றது. இந்திய அரசியலமைப்பில் மாநிலங்களுக்கு அப்படியொரு வழி திறந்திருக்கிறது. நம் 75ஆவது பிரிவில் அது இல்லை. விலங்குகளை மோதவிடுவதை நாடாளுமன்றச் சட்டம் தடை செய்திருப்பதால், பினாங்கு சட்டமன்றம் நாளைக்கே ஒருமனதாகச் சேவல் சண்டைக்கு அனுமதி கொடுத்தாலும் அது நிற்காது.

அரசாங்க அறிவிப்புகள் மலாய் மொழியில் வருவதால் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். 'அக்தா' என்றிருந்தால் அது நாடாளுமன்றத்தில் இயற்றியது. 'எனாக்மென்' மாநிலச் சட்டமன்றத்தில் இயற்றியது. சரவாக்கில் மட்டும் அதை 'ஒர்டினன்' என்பார்கள். 'உண்டாங்-உண்டாங் கெச்சில்' என்றால் நகராண்மைக் கழகமோ மாநகர் மன்றமோ போட்ட துணைச்சட்டம். இந்த ஒரு சொல்லைப் பார்த்தாலே கோரிக்கை மனு எந்தக் கதவுக்குப் போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கோலாலம்பூர்க்காரர்களுக்கு இதில் ஒரு வித்தியாசம். 1974 பிப்ரவரி 1இல் கூட்டரசுப் பிரதேசமானதிலிருந்து தலைநகருக்கு மாநிலச் சட்டமன்றம் கிடையாது. அங்கே விலங்குகளுக்கான சட்டம் நாடாளுமன்றத்திலிருந்து வரும், அல்லது மாநகர் மன்றத்தின் துணைச்சட்டமாக வரும். நடுவில் யாரும் இல்லை.

வீட்டு விலங்குகள்

நாய், பூனை, ஆடு, மாடு ஆகியவற்றுக்குத் தீபகற்பத்திலும் லாபுவானிலும் பொருந்துவது 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், 772ஆவது சட்டம். 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் இருந்த 1953ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு நாயை அடித்துச் சித்திரவதை செய்தால் அதிகபட்ச அபராதம் எவ்வளவு தெரியுமா? 200 ரிங்கிட். அறுபது வருஷம் அப்படியே கிடந்தது. 2013இல் அதை 50,000 ஆக்கினார்கள். இப்போதைய சட்டத்தின் 29ஆவது பிரிவில் குறைந்தபட்சமே 20,000 ரிங்கிட், அதிகபட்சம் 100,000. மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் சேர்த்து.

இது காகிதத்தோடு நின்றுவிடவில்லை. 2018இல் கோம்பாக்கில், காசு போட்டுத் துவைக்கும் கடையொன்றில், சினைப்பூனை ஒன்றை உலர்த்தும் இயந்திரத்துக்குள் போட்டு ஓடவிட்ட காணொளி நாட்டையே கலங்கவைத்தது. அந்த வழக்கில் ஒருவருக்கு 34 மாதச் சிறையும் 40,000 ரிங்கிட் அபராதமும் விதிக்கப்பட்டன. பழைய சட்டம் மாறாமல் இருந்திருந்தால் 200 ரிங்கிட்டைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகவும் வழி இருந்திருக்கும்.

இந்தச் சட்டத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது தண்டனைகூட அல்ல. வளர்ப்பவரின் கடமை என்று ஒன்றை அது எழுதிவைத்திருக்கிறது. தகுந்த இடம், தகுந்த தீனி, அதன் இயல்புப்படி நடமாட வசதி, வலியும் நோயும் வராமல் பார்த்துக்கொள்வது எல்லாம் வளர்ப்பவர் பொறுப்பு. அடித்தால்தான் குற்றம் என்பதில்லை. ஒன்றரை முழச் சங்கிலியில், கொட்டுகிற வெயிலில், கவிழ்ந்து கிடக்கும் தண்ணீர்ச் சட்டியோடு நாள் முழுக்க ஒரு நாயைக் கட்டிவைப்பதும் புகார் கொடுக்கக்கூடிய விஷயம். புகாரைக் கால்நடை சேவை இலாகாவிடம் கொடுக்க வேண்டும்.

மாநிலத்தின் கை இதில் எங்கே வருகிறது? ஊராட்சி வழியாக. ஊராட்சி மன்றங்கள் மாநிலத்தின் கீழ் இயங்குகின்றன. நாய் லைசென்ஸ், எத்தனை நாய் வளர்க்கலாம், தெருநாயை யார் பிடிப்பது என்பதெல்லாம் துணைச்சட்டங்களில் இருக்கும். பினாங்கில் தீவுக்கு ஒரு மாநகர் மன்றம், செபராங் பிறைக்கு இன்னொன்று. ஆகவே பட்டர்வொர்த்தில் தெருநாய்ப் பிரச்சினை என்றால் தீவிலுள்ள மன்றத்துக்குப் போன் போட்டுப் பயனில்லை.

2015 செப்டம்பர் மாதத்தை இந்த ஊர் எளிதில் மறக்காது. வடக்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் பரவியது. பினாங்கு அரசாங்கம் தெருநாய்களைக் கொல்ல உத்தரவிட்டது, ஊர் இரண்டுபட்டது. நோய்த்தடுப்பு என்று வரும்போது அதிகாரிகளுக்குத் தனி அதிகாரம் உண்டு, விலங்கு நலச் சட்டம் அதைப் பறிப்பதில்லை. ஆனால் அதிகாரம் இருப்பதாலேயே அது சரியான வழி ஆகிவிடாது. நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனம் வெகுகாலமாகச் சொல்லிவரும் கணக்கு. ஊசி போட்ட நாயையும் சேர்த்துக் கொன்றால் அந்தக் கணக்கு பின்னால்தான் போகும். அன்று எதிர்த்துப் பேசியவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்பது என் எண்ணம்.

குரங்கும் மைனாவும்

வனவிலங்குக்கு 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 716ஆவது சட்டம். செயல்படுத்துவது பெர்ஹிலித்தான் என்று நாம் சொல்லும் வனவிலங்கு, தேசியப் பூங்கா இலாகா. இந்தச் சட்டத்தில் 'பாதுகாக்கப்பட்டவை', 'முழுமையாகப் பாதுகாக்கப்பட்டவை' என்று இரண்டு பெரிய அட்டவணைகள். முதலாவதில் உள்ளதை லைசென்ஸ் எடுத்து வளர்க்கலாம் அல்லது வேட்டையாடலாம். இரண்டாவதில் உள்ள புலி போன்றவற்றைத் தொடவே சிறப்பு அனுமதி வேண்டும். 2022இல் வந்த திருத்தம் அதிகபட்ச அபராதத்தைப் பத்து லட்சம் ரிங்கிட்டாகவும் சிறையை 15 ஆண்டாகவும் உயர்த்தியது.

நம் வீடுகளுக்கு இது எப்படித் தொடர்பு? எங்கள் வரிசை வீடுகளில் ஒரு தாத்தா மலைமைனா வைத்திருந்தார். பளபளக்கும் கறுப்பு, ஆரஞ்சு மூக்கு, கண்ணுக்குப் பின்னால் மஞ்சள் தோல் மடிப்பு. வாசலில் யார் செருப்பைக் கழற்றினாலும் "வாங்க வாங்க" என்று கூப்பிடும். அதன் லைசென்ஸை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, சாமிப் படத்துக்குப் பக்கத்தில், நாள்காட்டி ஆணியிலேயே மாட்டிவைத்திருந்தார். அந்தக் காகிதம் இல்லாமல் மலைமைனா வளர்ப்பது குற்றம் என்று தெருவில் பலருக்குத் தெரியவே தெரியாது. கூண்டோடு கடையில் வாங்கினேன், ரசீது இருக்கிறது என்று சொன்னால் அது தற்காப்பு ஆகாது. முராய் பறவைக்கும் இதே கதைதான்.

அப்புறம் நட்சத்திர ஆமை. சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு வரும் விமானப் பெட்டிகளில் சுங்கத்துறையிடம் அடிக்கடி மாட்டும் பிராணி அது. வீட்டில் வைத்தால் யோகம் என்று சிலர் வாங்குகிறார்கள். அருகிவரும் உயிரின வணிகம் பற்றிய அனைத்துலக உடன்படிக்கையில் 2019இல் அது மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு ஏற்றப்பட்டது. இங்கே அந்த உடன்படிக்கைக்கென்று 2008ஆம் ஆண்டின் தனிச் சட்டம், 686ஆவது சட்டம் இருக்கிறது. இதுவும் நாடாளுமன்றச் சட்டம். மாநிலத்துக்கு இதில் வேலை இல்லை.

தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிறவர்களுக்குக் குரங்கைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பக்கத்துத் தாவரவியல் பூங்காவிலிருந்து வந்து, அர்ச்சனைத் தட்டிலிருக்கும் வாழைப்பழத்தை ஒரே பிடியில் உருவிக்கொண்டு போகும் நீள்வால் குரங்கு பாதுகாக்கப்பட்ட விலங்கு. மனித உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் சட்டம் விதிவிலக்கு கொடுக்கிறது. பழத்தைப் பறித்துவிட்டது என்ற கோபத்தில் கல்லால் அடிப்பது அதில் சேராது. ஊட்டிவிடாதீர்கள் என்ற பலகையை அங்கே வைத்திருக்கிறார்கள். பலகைக்குக் கீழேயே நின்று பிஸ்கட் நீட்டுகிறவர்களைப் பார்த்தால் மனம் கசக்கிறது. மனிதர் கையைப் பார்த்தே பழகிய குரங்கு நாளைக்கு ஒரு குழந்தையின் கையைக் கடிக்கும். புகார் போகும், கூண்டு வரும். புண்ணியம் என்று நினைத்து நீட்டிய பிஸ்கட்தான் அந்தக் கூண்டுக்கு முதல் இரை.

ஆமை

இனி மாநிலத்தின் சொந்த எல்லைக்கு வருவோம். அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில், நிலம், ஊராட்சி போன்ற பெரிய விஷயங்களுக்குப் பின்னால், 12ஆவது வரிசையில் ஒரு சின்ன வரி: கடலாமையும் ஆற்று மீன்பிடிப்பும். புலிக்கும் யானைக்கும் கிடைக்காத இடம் ஆமைக்குக் கிடைத்தது அதன் முட்டையால்தான். கிழக்குக் கரையில் ஆமை முட்டை எடுப்பது குத்தகைக்கு விடும் வருமானமாக இருந்தது. மாநிலங்கள் அதை விட்டுக்கொடுக்கவில்லை.

விளைவு என்ன? ஒரே ஆமைக்கு ஊருக்கொரு சட்டம். திரெங்கானு 1951இலேயே ஆமைச் சட்டம் போட்டது. ஆனால் அதன் வேலை முட்டை எடுக்க லைசென்ஸ் கொடுப்பது. ரந்தாவ் அபாங் கடற்கரையில் 1950களில் ஆண்டுக்குச் சுமார் 10,000 ஏழுவரி ஆமைக் கூடுகள் இருந்தன. 2000களில் அது விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்தது. ஏழுவரி ஆமை முட்டையை விற்க 1980களின் கடைசியில்தான் தடை வந்தது. மற்ற ஆமைகளின் முட்டையையும் சேர்த்துத் தடை செய்யும் திருத்தம் 2021இல் நிறைவேறி, 2022 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை கோலதிரெங்கானு பாயாங் சந்தையில் அதை வெளிப்படையாகவே அடுக்கி விற்றார்கள். பிங்பாங் பந்து அளவு, வெள்ளை நிறம், தொட்டால் குழியும் தோல். பல மாநிலங்கள் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு விதிகள் போட்டன. ஆமையோ ஒரு மாநிலத்தில் முட்டையிட்டு இன்னொரு மாநிலத்துக் கடலில் மேய்கிறது.

இன்னும் ஒன்று உண்டு. மாநிலத்தின் கடல் எல்லை பொதுவாகக் கரையிலிருந்து மூன்று கடல் மைல். அதைத் தாண்டினால் 1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம். அங்கே ஆமையைப் பிடிப்பதும் கொல்வதும் கூட்டரசுக் குற்றம். பேராமை ஒன்று காலையில் கூட்டரசின் பாதுகாப்பில் நீந்திவிட்டு, மாலையில் மாநிலத்தின் பாதுகாப்புக்குள் வந்துவிடும். கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே கண்டிப்பு இருந்தால்தான் அது பிழைக்கும். ஆமை முட்டைக்கு நாடு முழுக்க ஒரே தடை வேண்டும் என்று ஆர்வலர்கள் கேட்பது இதனால்தான்.

பினாங்கில் பேராமையும் பங்குனி ஆமையும் கரையேறுகின்றன. தெலுக் பஹாங்கிலிருந்து காட்டுப்பாதையில் நடந்தாலோ படகில் போனாலோ கெராச்சுட் கடற்கரையில் மீன்வள இலாகாவின் ஆமைப் பொரிப்பகத்தைப் பார்க்கலாம். எடுத்துவந்த முட்டைகளை வேலி போட்ட மணலில் மறுபடி புதைத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அங்கே ஒருமுறை கூட்டிப்போங்கள்.

நிலம் யாருடையது?

இதுவரை சொன்னதை வைத்து மாநிலத்துக்கு அதிகாரம் குறைவு என்று தோன்றலாம். உண்மையில் எல்லாவற்றையும் விடப் பெரிய அதிகாரம் அதன் கையில்தான் இருக்கிறது. நிலமும் காடும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. புலி ஒரு வாடகைக் குடித்தனக்காரர் என்றால், வீட்டுக்காரர் மாநிலம். குடித்தனக்காரரை யாரும் அடிக்கக் கூடாது என்று நாடாளுமன்றம் எவ்வளவு கடுமையாகச் சட்டம் போட்டாலும், வீட்டை இடிக்கும் கையெழுத்து வீட்டுக்காரருடையது. தீபகற்பத்தில் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்று சொன்னது 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு. கண்ணியும் துப்பாக்கியும் அதற்கு ஒரு காரணம், காடு சுருங்கியது இன்னொன்று.

மாநிலம் நினைத்தால் எவ்வளவு நல்லது செய்ய முடியும் என்பதற்கும் நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. பந்தாய் ஆச்சே காட்டு ஒதுக்கிடத்தைப் பினாங்கு விட்டுக்கொடுத்ததால்தான் 2003இல் பினாங்கு தேசியப் பூங்கா அரசிதழில் ஏறியது. 1980ஆம் ஆண்டின் தேசியப் பூங்காச் சட்டத்தின் கீழ் வந்த முதல் பூங்கா அதுதான். சட்டம் வந்து இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் எந்த மாநிலமும் அதன் கீழ் நிலம் கொடுக்கவில்லை! ஜொகூரும் பேராவும் சொந்தமாகவே பூங்காச் சட்டம் போட்டுக்கொண்டன; 2007இல் ரோயல் பெலும் அப்படித்தான் பேராவின் மாநிலப் பூங்காவானது.

எதிர்ப்பக்கத்துக்குக் கோலாலம்பூர்க்காரர்களுக்குப் பக்கத்திலுள்ள ஒன்றைச் சொல்கிறேன். கோலலங்காட் வடக்குக் காட்டு ஒதுக்கிடம், சிலாங்கூர். கரிச்சதுப்பு நிலக் காடு. தெமுவான் என்ற ஓராங் அஸ்லி பூர்வகுடி மக்களின் வாழ்விடத்தை ஒட்டியது. காட்டு ஒதுக்கிடம் எதையும் நீக்கும் முன் பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்று சிலாங்கூர் 2011இலேயே தன் காட்டுச் சட்டத்தைத் திருத்தியிருந்தது. அதனால் 2020இல் நாளிதழில் அறிவிப்பு வந்தது, ஆட்சேபங்கள் குவிந்தன. அப்படியும் 2021இல் அந்தக் காட்டின் பெரும்பகுதியின் தகுதி நீக்கப்பட்டது. விஷயம் வெளியே வந்ததும் எழுந்த எதிர்ப்பில், அதே ஆண்டு செப்டம்பரில் மாநில அரசாங்கம் முடிவைத் திரும்பப் பெற்றது. அந்தத் திருத்தம் காட்டைக் காப்பாற்றவில்லை என்று சிலர் சொல்வார்கள். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். அறிவிப்பு என்ற ஒன்று கட்டாயமாக இல்லாதிருந்தால், மரம் விழுந்த பிறகுதான் நமக்கே தெரிந்திருக்கும்.

2022இல் நாடாளுமன்றமும் 1984ஆம் ஆண்டின் தேசியக் காட்டுச் சட்டத்தை அதே திசையில் திருத்தியது. ஒதுக்கிடத்தை நீக்கும் முன் பொது விசாரணை வேண்டும், நீக்கினால் பதிலுக்கு நிலம் கொடுக்க வேண்டும். ஆனால் காடு மாநில விஷயம் என்பதால், ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் அதைத் தனித்தனியே ஏற்றுக்கொண்டால்தான் அந்த மாநிலத்தில் செல்லும்.

சபா, சரவாக் பற்றி ஒரு வார்த்தை. மேலே சொன்ன வனவிலங்குச் சட்டமும் (716) விலங்கு நலச் சட்டமும் (772) அங்கே பொருந்தாது. சபாவுக்கு 1997ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டமும் 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டமும், சரவாக்குக்கு 1998ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டமும் சொந்தமாக உண்டு.

புகார் கொடுக்கப் போகிறவர்களுக்கு

நாய், பூனை, மாடு வதைபட்டால் கால்நடை சேவை இலாகா. குரங்கு, மைனா, எறும்புண்ணி என்றால் பெர்ஹிலித்தான். கடலாமை என்றால் மீன்வள இலாகா. தெருநாயும் லைசென்ஸும் உங்கள் மாநகர் மன்றம். வீட்டுக்குள் பாம்பு என்றால் யோசிக்காமல் பொதுத் தற்காப்புப் படையையோ தீயணைப்பு நிலையத்தையோ கூப்பிடுங்கள். படம் எடுத்தால் இடமும் தேதியும் நேரமும் தெரியும்படி எடுங்கள். முகநூலில் போடுவதற்கு முன்னால் இலாகாவுக்கு அனுப்பி, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நம் கையால் அவிழ்த்துவிட்டாலோ தூக்கிக்கொண்டு வந்தாலோ சாட்சியம் கலைந்துபோக வாய்ப்பு உண்டு.

காட்டையும் ஆமையையும் பற்றிய கேள்வி என்றால், அதை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொண்டுபோக வேண்டாம். சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போய் மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுங்கள். நம் மாநிலம் 2022ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டுவிட்டதா? இல்லையென்றால் எந்தச் சட்டமன்றக் கூட்டத்தில் வரப்போகிறது? ஆமை முட்டை வைத்திருப்பவருக்கும் விற்பவருக்கும் இங்கே தண்டனை எவ்வளவு? சட்டமன்றம் கூடும் முன்பே உறுப்பினர்கள் கேள்விகளை முன்கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதால், கூட்டத்தொடர் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே போய்விடுங்கள்.